அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் பிளானை எடைபோடும் முறை

ப்ராஜெக்ட் பிளான் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. வெண்டர் அனுப்பியதாக இருக்கலாம், உங்கள் டீமே போட்டதாகவும் இருக்கலாம். இருநூறு வரி, பச்சையும் நீலமுமாகப் பட்டைகள், கடைசியில் ஒரு கோ-லைவ் தேதி, அதாவது சிஸ்டம் பயன்பாட்டுக்கு வரும் நாள். இதை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த அளவுப் பிளானை முதல் தடவை அலச அரை நாள் போதும். ஆனால் முதல் வரியில் தொடங்கி வரிசையாகப் படித்தால் அந்த அரை நாளும் வீண். அடுத்த மாதம் நடக்கப்போகிற வேலையை யாரும் தெளிவாக எழுதிவிடுவார்கள். ஓட்டைகள் இருப்பது கடைசி மூன்றில் ஒரு பங்கில்.

தேதி மட்டும் போட்ட பிளான் கல்யாணப் பத்திரிகை மாதிரி. முகூர்த்தம் தெரியும், சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா என்பது தெரியாது. நல்ல பிளானில் எந்த வரியைக் காட்டி "இது பத்து நாள் தள்ளிப்போனால் என்ன ஆகும்?" என்று கேட்டாலும் பதில் கிடைக்கும். கீழே வரும் சோதனைகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியையே வெவ்வேறு பக்கத்திலிருந்து கேட்பவை.

## படிக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

பி.டி.எஃப். வேண்டாம், ஸ்லைடும் வேண்டாம். எம்.எஸ். ப்ராஜெக்ட், ப்ரைமவேரா, ஜிரா, எக்செல் என்று எதில் போட்டார்களோ அந்த மூலக் கோப்பைக் கேளுங்கள். படத்தில் பட்டைகள் தெரியும், பட்டைகளுக்கு இடையே இருக்கும் இணைப்புகளைச் சோதிக்க முடியாது. கூடவே நான்கு விஷயம் வேண்டும்: விடுமுறைக் காலண்டர், யார் எத்தனை சதவீதம் இந்த வேலையில் இருப்பார்கள் என்ற ஆள் பட்டியல், எழுத்தில் உள்ள அனுமானங்கள், ஒவ்வொரு எஸ்டிமேட்டையும் சொன்னவர் யார் என்ற விவரம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் தயக்கம் வந்தால், எல்லா எண்ணையும் ஒரே மேனேஜர் ஒரே மாலையில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

காலண்டரைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். எம்.எஸ். ப்ராஜெக்ட்டின் 'ஸ்டாண்டர்ட்' காலண்டரில் சனி, ஞாயிறைத் தவிர வேறு விடுமுறையே கிடையாது. பண்டிகை நாட்களை நாம்தான் சேர்க்க வேண்டும். சென்னை டீமின் பிளானில் பொங்கல் வாரத்தைப் பாருங்கள். அந்த நாட்களிலும் டெவலப்மென்ட் நடந்துகொண்டிருந்தால் காலண்டரை யாரும் தொடவே இல்லை. கிளையண்ட் லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அந்த ஊர் விடுமுறையும் வேண்டும். டிசம்பர் கடைசியில் ஒப்புதல் கேட்டு யாருக்கும் பதில் வந்ததில்லை.

## தேதி வேலையிலிருந்து வந்ததா, வேலை தேதியிலிருந்து வந்ததா?

தேதியை வைத்து வேலையை அடுக்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி நன்கு ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம். லாயிட்ஸ் வங்கியின் பழைய சிஸ்டத்திலிருந்து தன் அப்போதைய உரிமையாளரான ஸ்பெயினின் சபாடெல் வங்கி உருவாக்கிய புதிய தளத்துக்கு மாற, முதலில் குறித்தது 2017 நவம்பர். அது நடக்காது என்று தெரிந்ததும் அந்த செப்டம்பரில் 2018-இன் முதல் காலாண்டுக்குத் தள்ளினார்கள். கடைசியில் 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் மாற்றினார்கள். தரவு போய்ச் சேர்ந்துவிட்டது, தளம்தான் தாங்கவில்லை. வங்கிக்கு 52 லட்சம் வாடிக்கையாளர்கள். அவர்களில் கணிசமான பகுதியினர் பாதிக்கப்பட்டார்கள், கிளைகள் அத்தனையும் தடுமாறின, நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்ட்.

ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் நடத்திய விசாரணையின் அறிக்கை 2019-இல் வந்தது. பிளானை அது 'வலமிருந்து இடமாக'ப் போட்டது என்று வர்ணித்தது: முடிவு தேதியை முதலில் நட்டுவிட்டு, அதற்குள் அடங்கும்படி வேலையைப் பின்னோக்கி அடுக்கியது. இவ்வளவு வேலை பின்தங்கியிருக்கும்போது இன்னும் சில மாதங்களே போதும் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று இயக்குநர் குழு அழுத்திக் கேட்கவில்லை என்பதும் அதன் குற்றச்சாட்டு. ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டிய டெஸ்ட் கட்டங்கள் தேதிக்காக ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டன.

தேதி முதலில் வருவதே குற்றம் என்று சொல்லவில்லை. நிதியாண்டு ஏப்ரல் 1-இல்தான் தொடங்கும். சட்டம் ஒரு நாளைக் குறித்தால் அந்த நாள்தான். தேதி அசையாதென்றால் வேலையின் அளவு அசைய வேண்டும். எந்த அம்சம் முதலில் கழற்றப்படும், எந்த நாளில் அந்த முடிவு எடுக்கப்படும், யார் எடுப்பார் என்ற மூன்றும் பிளானிலேயே இருக்க வேண்டும். தேதி, வேலை, ஆட்கள் மூன்றும் மாறாது என்று ஒரு பிளான் சொன்னால் மேற்கொண்டு அலசத் தேவையில்லை, அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம்.

பின்னோக்கி அடுக்கிய பிளானைக் கண்ணால் பார்த்தே பிடிக்கலாம். கால அளவுகள் எல்லாம் 5, 10, 15, 20 நாள் என்றே இருக்கும். டெஸ்டிங்குக்கு ஒதுக்கியது, கோட் முடிந்த பிறகு தேதிக்கு மிச்சம் எத்தனை நாளோ சரியாக அத்தனை இருக்கும். பழைய வெர்ஷனில் அடுத்தடுத்து இருந்த கட்டங்கள் புதிய வெர்ஷனில் பக்கம் பக்கமாக நிற்கும். அதனால் பழைய வெர்ஷனையும் கேட்டு வாங்கி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எது சுருங்கியிருக்கிறதோ அங்கேதான் கேள்வி.

## கோ-லைவிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்

கடைசி வரியில் விரலை வைத்து, "இது தொடங்கும் முன் என்னென்ன முடிந்திருக்க வேண்டும்?" என்று கேட்டபடி மேலே ஏறுங்கள். இருக்கும் வரிகளைவிட இல்லாத வரிகள்தான் இங்கே முக்கியம்.

கோ-லைவோடு பிளான் முடிந்துவிடுகிறதா? அதற்குப் பின் குறைந்தது இரண்டு முதல் நான்கு வாரம், கட்டிய டெவலப்பர்களே உடனிருக்க வேண்டும். அந்த வரி இருந்தாலும் ஆள் பட்டியலைப் பாருங்கள். அதே ஆட்கள் அந்தத் தேதிக்கு மறுநாளே வேறு ப்ராஜெக்ட்டில் சேர்ந்திருப்பார்கள்.

பழைய சிஸ்டத்திலிருந்து புதியதுக்கு மாறும் வார இறுதிக்குத் தனியாக மணிக்கணக்குப் பட்டியல் வேண்டும். கணக்குப் போட்டே பார்க்கலாம். தரவை ஏற்ற 30 மணி நேரம், சரிபார்க்க 8, கைவிட்டுப் பழைய சிஸ்டத்துக்குத் திரும்ப 16. மொத்தம் 54. கையில் இருப்பது வெள்ளி இரவு முதல் ஞாயிறு இரவு வரை 48 மணி நேரம். அதாவது திரும்பி வர வழியில்லாமல்தான் இறங்குகிறீர்கள். பட்டியலில் 'இதற்குமேல் திரும்ப முடியாது' என்ற மணி குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அப்போது முடிவெடுப்பவர் பெயரும் வேண்டும். முழு அளவுத் தரவோடு இரண்டு ஒத்திகையாவது கேளுங்கள். முதல் ஒத்திகை தவறுகளைக் காட்டும், அவை திருத்தப்பட்டனவா என்பதை இரண்டாவதுதான் காட்டும். ஒரே ஒத்திகை என்றால் அது நல்லபடியாகப் போகும் என்று அவர்கள் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள்.

'டேட்டா மைக்ரேஷன் – 10 நாள்' என்று ஒற்றை வரி இருந்தால் அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பழைய தரவை எடுப்பது, அதில் என்ன குப்பை இருக்கிறது என்று பார்ப்பது, எந்தப் புலம் எங்கே போகும் என்ற மேப்பிங், சுத்தம் செய்வது, சோதனை ஏற்றம், எண்ணிக்கையும் மொத்தத் தொகையும் ஒத்துப்போகின்றனவா என்ற சரிபார்ப்பு, ஒப்புதல் ஆகிய ஏழும் தனித்தனி வரிகள். இதில் சுத்தம் செய்வது டெவலப்பர் வேலையே இல்லை. ஒரே ஆளுக்கு மூன்று கணக்கு இருந்தால் எது உண்மை என்று கிளையண்ட் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அவருடைய நாட்கள் பிளானில் இருக்கின்றனவா? நம் ஊர்ப் பழைய தரவில் இன்னொரு முடிச்சும் உண்டு. பெயரும் முகவரியும் பாமினி, வானவில் போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் சேமிக்கப்பட்டிருக்கும். கன்வெர்ட்டர் ஓட்டினால் பெரும்பாலும் மாறிவிடும். ஒரே புலத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்த பதிவுகள் மட்டும் உருக்குலையும். அவற்றை ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அதற்கும் நாட்கள் தேவை.

அடுத்தது வெளியார் கையில் இருக்கும் வேலைகள். இவற்றை நீங்கள் விரட்ட முடியாது, சீக்கிரம் தொடங்க மட்டும்தான் முடியும். இந்தியாவில் ஓ.டி.பி. குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராயின் 2018 விதிமுறைப்படி, டெலிகாம் நிறுவனங்கள் நடத்தும் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தி வாசகம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் புது டெம்ப்ளேட்தான், பதிவாகாத செய்தி போய்ச் சேராது. கூகுள் ப்ளே ஸ்டோரில் 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கென்றால், செயலியை வெளியிடுவதற்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும். (முதலில் 20 பேர் என்றிருந்தது.) நிறுவனக் கணக்குக்கு, நிறுவனத்தை அடையாளம் காட்டும் டி-யூ-என்-எஸ் எண் கேட்பார்கள். அரசுத் தளம் மத்திய அரசின் தகவல் மையமான என்.ஐ.சி.யின் சர்வரில் ஏற வேண்டுமென்றால், இணையப் பாதுகாப்பு முகமையான செர்ட்-இன் பட்டியலில் உள்ள தணிக்கை நிறுவனத்தின் பாதுகாப்புச் சான்று வேண்டும். முதல் சுற்றிலேயே சான்று கிடைப்பது அபூர்வம் என்பதால் தணிக்கை, திருத்தம், மறு தணிக்கை என்று மூன்று வரி இருப்பதுதான் நேர்மையான பிளான்.

டெஸ்ட் சர்வர் யார் தருவது, எப்போது தருவது, லோட் டெஸ்ட் (சுமையைத் தாங்குமா என்ற சோதனை) எந்த சர்வரில் என்பனவும் இந்த ரகம்தான். டி.எஸ்.பி. புதிய தளத்தில் இரண்டு டேட்டா சென்டர்கள் சேர்ந்து இயங்க வேண்டியிருந்தது. சுமையைத் தாங்குமா என்ற சோதனை ஒன்றில்தான் நடந்தது. 'லோட் டெஸ்ட் – முடிந்தது' என்ற வரியை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எந்த இடத்தில், எத்தனை பயனர், எவ்வளவு தரவு என்று வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

## வரியின் பெயரும் அளவும்

'பேமென்ட் மாட்யூல் – 30 நாள்' என்று எழுதினால் அது எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 'யு.பி.ஐ. மூலம் கட்டணம் செலுத்தி ரசீது வருகிறது; தோல்வியுற்ற பரிவர்த்தனைக்குப் பணம் திரும்புகிறது; டெஸ்டர் ஏற்றுக்கொண்டார்' என்றிருந்தால் ஆம், இல்லை என்று பதில் சொல்லலாம். பிளானில் கண்ணை மூடிப் பத்து வரியைத் தொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முடிந்ததற்கான சாட்சி என்னவென்று கேளுங்கள். நான்கைந்துக்குப் பதில் இல்லையென்றால் மீதி நூற்றித் தொண்ணூறும் அப்படித்தான்.

அளவுக்குப் பழைய வழக்கம் ஒன்று உண்டு: ஒரு வரி 8 மணி நேர உழைப்புக்குக் குறையக்கூடாது, 80 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. 80 என்பது ஒருவருக்கு இரண்டு வாரம். அதற்குமேல் போனால் சிக்கல் வெளியே தெரிவதற்குள் மாதம் ஓடிவிடும். இப்போதைக்குத் தெளிவில்லாத, ஆறு மாதம் கழித்து வரும் வேலை பெரிய கட்டியாகவே இருக்கட்டும், தவறில்லை. அதை எந்த நாளில் உடைத்து எழுதுவார்கள் என்பது மட்டும் பிளானில் இருக்க வேண்டும். ஒரு வருடப் பிளான் முழுவதும் நாள் கணக்கில் நுணுக்கமாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

முன்னேற்றத்தைச் சதவீதத்தில் எழுதும் பழக்கத்தையும் இங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். 90 சதவீதம் முடிந்தது என்ற வரி வாரக்கணக்கில் 90-லேயே நிற்கும். முடியாத வரிக்கு 0, முடிந்ததற்கு 100. வரிகள் இரண்டு வாரத்துக்குள் இருந்தால் இந்தக் கடுமை யாரையும் பாதிக்காது.

## இணைப்புகளை உதைத்துப் பாருங்கள்

கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள ஒரு முக்கியமான வரியை, உதாரணமாக மற்ற பகுதிகள் உள்நுழைவுக்கு நம்பியிருக்கும் லாகின் ஏ.பி.ஐ.யை, எடுத்து அதன் கால அளவோடு நூறு நாள் கூட்டுங்கள். கோ-லைவ் தேதி கிட்டத்தட்ட அதே அளவு நகர்கிறதா? நகரவில்லை என்றால் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்த மேலாண்மை முகமையான டி.சி.எம்.ஏ. வைத்திருக்கும் 14 அம்சச் சோதனையில் இதுவும் ஒன்று. அவர்கள் கூட்டிப் பார்ப்பது 600 நாள். எக்செல் பிளானில் தேதிகள் கையால் தட்டப்பட்டிருந்தால் எதுவுமே நகராது. அது தேதிப் பட்டியல். இணைப்புகளைச் சேர்த்த பிறகு மறுபடி பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த 14-இல் சாஃப்ட்வேருக்கு உதவும் சில: முன்னாலோ பின்னாலோ இணைப்பில்லாத வரிகள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 'இந்தத் தேதியில்தான்' என்று ஆணியடித்த வரிகளும் 5 சதவீதத்துக்குள். இணைப்புகளில் குறைந்தது 90 சதவீதம் 'அது முடிந்தால் இது தொடங்கும்' என்ற நேரடி வகையாக இருக்க வேண்டும். 44 வேலை நாளுக்குமேல் தள்ளிப்போட இடம் இருப்பதாகக் காட்டும் வரிகளையும் 5 சதவீதத்துக்குமேல் விடக்கூடாது. அவ்வளவு இடம் இருந்தால் பெரும்பாலும் அந்த வரிக்குப் பின்னால் வர வேண்டிய இணைப்பை யாரோ மறந்திருக்கிறார்கள். இந்த எல்லைகள் பாதுகாப்பு ஒப்பந்தங்களுக்காகப் போடப்பட்டவை, வேதவாக்கு இல்லை. 14-லும் தேறிவிட்டு டேட்டா மைக்ரேஷனையே மறந்த பிளானும் இருக்கும். அதனால்தான் பின்னோக்கிப் படிப்பதை முதலில் வைத்தோம்.

பல கிளைகள் ஒரு புள்ளியில் சேரும் இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மாட்யூல் முடிந்தால்தான் அவற்றைச் சேர்த்துச் சோதிக்கும் இன்டெக்ரேஷன் டெஸ்ட் தொடங்கும் என்று வைப்போம். ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 80 சதவீத வாய்ப்பு. ஐந்தும் ஒன்றையொன்று சாராதவை என்றால், அத்தனையும் நேரத்துக்கு முடிய வாய்ப்பு 0.8-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது: 33 சதவீதம். ஐந்து டீம் லீடும் உண்மையே சொன்னாலும் மூன்றில் இரண்டு தடவை அந்த டெஸ்ட் தாமதமாகத்தான் தொடங்கும். சேரும் புள்ளிக்கு முன் இடைவெளி வைக்காத பிளானுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

## ஆள் கணக்கு

எல்லா வரிகளின் உழைப்பையும் கூட்டுங்கள். அதை உண்மையில் கிடைக்கும் ஆள்-நாளோடு ஒப்பிடுங்கள். எட்டு டெவலப்பர், ஐந்து மாதம். மாதம் 22 வேலை நாள் என்றால் 110. அதில் பண்டிகை விடுமுறை 6, சொந்த விடுப்பு 7 கழித்தால் ஒருவருக்கு 97, எட்டுப் பேருக்கு 776. மீட்டிங், ரிவ்யூ, பழைய ப்ராஜெக்ட்டிலிருந்து வரும் அழைப்புகள் எல்லாம் போக நாலில் மூன்று பங்குதான் தேறும்: சுமார் 580. பிளானின் கூட்டுத்தொகை 860 என்று வந்தால் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. இந்தப் பிளான் முதல் நாளிலேயே தாமதம்.

ஆள் பட்டியலில் பெயர் இல்லாமல் 'சீனியர் டெவலப்பர் 2' என்றிருந்தால் அவர் இன்னும் வேலைக்கே சேரவில்லை என்று அர்த்தம். நம் ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 60 முதல் 90 நாள். இன்று தேர்வானவர் மூன்று மாதம் கழித்து வருவார், அவருக்கு வேலை பிடிபட இன்னும் சில வாரம் ஆகும். அவர் பெயரில் முதல் மாதத்திலேயே வேலை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல ஆர்க்கிடெக்ட், டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டி.பி.ஏ., சர்வரில் ஏற்றி இயக்கும் டெவாப்ஸ் ஆள் ஆகிய மூவரின் வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். ஒரே வாரத்தில் ஒரே ஆள் மூன்று இடத்தில் நூறு நூறு சதவீதம் இருப்பார்.

எஸ்டிமேட்டை ஒற்றை எண்ணாக வாங்காதீர்கள். 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான 'பெர்ட்' முறை மூன்று எண் கேட்கும்: எல்லாம் நன்றாகப் போனால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, கெட்டால் எத்தனை. 6, 10, 26 என்று பதில் வந்தால், நடு எண்ணை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும்: 72-ஐ 6-ஆல் வகுத்தால் 12. பிளானில் எழுதியிருப்பது அநேகமாக 10. அந்த இரண்டு நாளைவிட 26 என்ற எண்தான் பயனுள்ளது. "26 ஆனால் எதனால் ஆகும்?" என்று கேளுங்கள். வரும் பதில் அப்படியே ரிஸ்க் பட்டியலுக்குப் போக வேண்டியது. 'ஆள் வெளியேறலாம், ரிக்வயர்மென்ட் மாறலாம்' என்று எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் பொருந்தும் ரிஸ்க் பட்டியலைப் பார்த்தால் ஒட்டிவைத்தது என்று தெரிந்துவிடும். அந்த ரிஸ்க் நிஜமாகிறது என்பதற்கு முதல் அறிகுறி என்ன, யார் கவனிப்பது, எந்தத் தேதிவரை கவனிப்பது என்ற மூன்றும் இல்லாத வரியை அடித்துவிடலாம்.

தங்கள் வேலையைத் தாங்களே கணிப்பவர்கள் குறைத்தே கணிப்பார்கள். 1994-இல் வெளியான ஆய்வொன்றில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று மாணவர்கள் சொன்னார்கள், ஆனது 55.5. ஏமாற்றும் எண்ணம் அங்கே யாருக்கும் இல்லை. இதற்கு மருந்து, இதே டீம் முன்பு முடித்த இதே அளவு வேலைக்கு உண்மையில் எத்தனை நாள் ஆனது என்ற பதிவு. அதைக் கேளுங்கள். பதிவே இல்லை என்பதும் உங்கள் குறிப்பில் ஏற வேண்டிய பதில்தான்.

இரண்டு வார ஸ்பிரின்ட்களாக (சுற்றுகளாக) வேலை செய்பவர்களுக்கு இது சுலபம். பேக்லாக்கில், அதாவது மிச்சமுள்ள வேலைப் பட்டியலில், 240 பாயிண்ட் (டீம் வேலையை அளக்கும் அலகு), கடந்த ஆறு ஸ்பிரின்ட்களில் வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரின்ட்டில் முடித்த பாயிண்ட், 18 முதல் 26 வரை என்றால் 10 முதல் 14 ஸ்பிரின்ட் ஆகும், அதாவது 20 முதல் 28 வாரம். பிளானில் 8 ஸ்பிரின்ட் என்று போட்டிருந்தால் ஸ்பிரின்ட்டுக்கு 30 பாயிண்ட் வேண்டும். அந்த டீம் ஒருமுறைகூட 30-ஐத் தொட்டதில்லை. 'நாங்கள் அஜைல், பிளான் கிடையாது' என்று சொல்பவர்களிடமும் இந்த இரண்டு எண்ணைக் கேட்கலாம்.

## டெஸ்டிங்குக்கு எத்தனை நாள்?

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ்./360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உருவாக்கத்தை நிர்வகித்த ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் சொன்ன பங்கீடு: மூன்றில் ஒரு பங்கு திட்டமிட, ஆறில் ஒன்று கோட் எழுத, நாலில் ஒன்று தனித்தனிப் பகுதிகளைச் சோதிக்க, நாலில் ஒன்று முழு சிஸ்டத்தைச் சோதிக்க. அதாவது பாதிக் காலம் சோதனைக்கே. இன்று ஆட்டோமேஷன் வந்து விகிதம் மாறியிருக்கிறது. ஆனாலும் 80 நாள் கோடிங், 10 நாள் டெஸ்டிங் என்று பார்த்தால் காரணம் கேட்டே ஆக வேண்டும்.

சோதனைக்கு நாள் ஒதுக்கினால் போதாது, திருத்தத்துக்கும் ஒதுக்க வேண்டும். ஒரு பிழையைக் கண்டுபிடித்து, யார் தலையில் என்று முடிவு செய்து, சரிசெய்து, பில்ட் போட்டு, மறுபடி சோதிக்க மூன்று நாளாவது ஆகும். யு.ஏ.டி. (பயனர்களே செய்து பார்த்து ஏற்கும் சோதனை) என்றால் முதல் சுற்று 5 நாள், திருத்தம் 5 நாள், இரண்டாம் சுற்று 5 நாள், ஆக மூன்று வாரம். யு.ஏ.டி. வெள்ளிக்கிழமை முடிகிறது, திங்கள்கிழமை கோ-லைவ் என்றிருந்தால் பிழையே வராது என்ற அனுமானம் எழுதப்படாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. யு.ஏ.டி. செய்யப்போகும் பயனர்களின் பெயரையும் கேளுங்கள். மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் பிரிவை உட்காரவைத்துச் சோதிக்கச் சொல்லும் பிளான்கள் நிறைய.

பஃபர், அதாவது தாமதத்தைத் தாங்க ஒதுக்கும் உபரி நாட்கள், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், தனி வரியாக, கோ-லைவுக்கு முன் இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்குள்ளும் இரண்டு நாள் ஒளித்து வைத்தால் அது அந்தந்த வரியிலேயே கரைந்துபோகும், கடைசியில் கைக்கு எதுவும் மிஞ்சாது. மேலிடம் பஃபரைப் பார்த்ததும் வெட்டிவிடும் என்ற பயத்தில்தான் ஒளிக்கிறார்கள். ரிவ்யூ செய்பவர் நீங்கள் என்றால், அதை வெட்டமாட்டேன் என்று முதலில் நீங்கள் சொல்ல வேண்டும்.

## திருப்பி அனுப்பும்போதும், அதற்குப் பிறகும்

'எஸ்டிமேட் நம்பும்படி இல்லை' என்று எழுதினால் வாக்குவாதம்தான் வரும். '112-ஆவது வரி: தரவைச் சுத்தம் செய்ய கிளையண்ட் தரப்பு ஆள் இல்லை. யார், எத்தனை நாள்? இது மாறினால் 140, 163 வரிகளின் தேதியும் மாற வேண்டும்' என்று எழுதுங்கள். குறிப்புகளை இரண்டாகப் பிரியுங்கள்: தீராமல் ஒப்புக்கொள்ள முடியாதவை, வேலை தொடங்கிய பின் சரிசெய்யக்கூடியவை. முதல் வகையில் ஐந்தாறு போதும். நாற்பது எழுதினால் சுலபமான முப்பத்தைந்தைச் சரிசெய்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

ஏற்றுக்கொண்ட பிளானைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதம் கழித்து, இதற்குள் முடிந்திருக்க வேண்டிய வரிகள் எத்தனை, உண்மையில் முடிந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். 40-க்கு 38 என்றால் 0.95, டி.சி.எம்.ஏ. வைத்திருக்கும் எல்லையும் அதுதான். 40-க்கு 28 என்றால் 0.7. ஐந்து மாத வேலை இந்த வேகத்தில் ஏழு மாதத்துக்குமேல் இழுக்கும். 'அடுத்த மாதம் பிடித்துவிடுவோம்' என்று வரும் மீட்புப் பிளானையும் மேலே சொன்ன அத்தனை சோதனைக்கும் உட்படுத்துங்கள். அதில் புது ஆட்களைச் சேர்ப்பதுதான் வழி என்றிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தாமதமான ப்ராஜெக்ட்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று சொன்னவரும் அதே புரூக்ஸ்தான். ஆறு பேருக்குள் பேச்சுத் தொடர்பு 15 ஜோடி, பத்துப் பேரானால் 45. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்போவதும் ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் அந்த ஆறு பேர்தான். கற்றுக்கொடுக்கும் நாட்கள் மீட்புப் பிளானில் அவர்கள் பெயரில் தனி வரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.